பென்னிகுயிக் விற்காத வீடு: லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு நிலவுரிமைப் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 15ஆம் நாள் லோயர் கேம்ப்பில் கூட்டம் கூடுகிறது. தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் நிற்கும் மணிமண்டபத்தில் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் சிலைக்கு மாலை விழுகிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் வருகிறார்கள். விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருடைய பிறந்தநாளே தைப்பொங்கலோடு சேர்ந்த திருவிழாவாகிவிட்டது. பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படங்களுக்கு அருகில் மீசை வைத்த அந்த வெள்ளைக்காரரின் படமும் மாட்டப்பட்டிருக்கிறது.

அந்நாளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அணை வேலை பாதியில் நின்றபோது ஆங்கிலேய அரசு பணம் தர மறுத்தது. பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று தம் வீட்டையும் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று, அந்தப் பணத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார் என்பது அக்கதை. மேடைகளிலும் பாடல்களிலும் இது வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இதற்கு ஆவணச் சான்று இல்லை. அணை மதராஸ் அரசின் பொதுப்பணித்துறைத் திட்டம். 80 இலட்சம் ரூபாய்க்கும் மேலான செலவு அரசின் கணக்கிலேயே நடந்தது. அணைப் பணியில் உடனிருந்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி 1899இல் எழுதிய திட்ட வரலாறும் இதையே காட்டுகிறது.

பென்னிகுயிக்கைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. விற்கப்படாத அந்த வீட்டைப் பற்றி நூறாண்டுகளாகப் பேசும் நாம், அணையைக் கட்டியவர்களின் வீடுகளைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்கவே சொல்கிறேன். விற்பதற்கு வீடுள்ளவரின் தியாகம் கதையாகிறது. வீடே இல்லாதவரின் உழைப்புக்குக் கதை இல்லை. அணை வந்ததால் நிலத்துக்கு ஒரு புதிய மதிப்பு உண்டானது. அந்த மதிப்பு யாருடைய கைக்குப் போயிற்று என்ற கேள்வியோடு பென்னிகுயிக்கின் வாழ்வை மறுபடி படித்தால், இன்றைய வீட்டுரிமைப் போராட்டத்துக்கு வேண்டிய பாடம் அதில் இருப்பது தெரியும்.

படைக் குடும்பத்துப் பிள்ளை

ஜான் பென்னிகுயிக் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக். பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 சனவரி 13 அன்று பஞ்சாபின் சில்லியன்வாலாவில் சீக்கியப் படையோடு நடந்த போரில் தந்தையும் மூத்த சகோதரர் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்தனர். மகனுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளை உருவாக்கிய அடிஸ்காம்ப் படைக் கல்லூரியிலும் படித்தார். 1858இல் மதராஸ் பொறியாளர் படையில் அதிகாரியானார்; 1860இல் இந்தியா வந்தார். காலனி அரசின் படைப் பொறியாளர் என்ற அடையாளத்தை நாம் மறந்துவிடக் கூடாது. சாலையும் பாலமும் அணையும் அவர்களுக்கு ஆட்சிக் கருவிகள். வரி வசூலாக வேண்டும். பஞ்சத்தால் வரி குறையக் கூடாது. தரிசு நிலம் வரி தரும் நிலமாக வேண்டும். பாசனத் திட்டங்களுக்குப் பின்னால் இருந்த கணக்கு இது. அந்தக் கணக்குக்குள் நின்றபடியே ஒரு மனிதர் தம் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்ய முடியும். பென்னிகுயிக் அப்படிச் செய்தவர்.

நூறாண்டுக் கனவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை பெரியாற்றில் ஓடி அரபிக் கடலில் கலக்கும். கிழக்கே மலையின் மறைவில் கிடக்கும் மதுரைச் சீமையும் இராமநாதபுரமும் வறண்டு கிடக்கும். ஆற்றை மலையின் இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற எண்ணம் 1789இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. பணம் இல்லாததால் அது எண்ணமாகவே நின்றது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி இடத்தைப் பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதினார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையைக் காட்டுக் காய்ச்சல் நிறுத்தியது. 1860களில் கேப்டன் ரைவ்ஸ் மண் அணைக்கான திட்டம் தந்தார்.

பிறகு 1876–78 பஞ்சம் வந்தது. மதராஸ் மாகாணத்தில் பல இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பங்கு நிலமற்ற கூலிகளுடையது. அன்று நிலமற்ற கூலி என்பது பெரும்பாலும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவரைக் குறித்தது. தானியம் விலை ஏறும்போது முதலில் வேலை நிற்கும். வேலை நின்றால் அவர்களிடம் விற்க எதுவும் இல்லை. பஞ்சத்துக்குப் பின் அரசு பெரியாற்றுத் திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. 1882இல் மேஜர் பென்னிகுயிக்கிடம் புதிய திட்டமும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. மண் அணைக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் கல்லணை, அதன் நீரைக் கிழக்கே கொண்டுவர மலையைக் குடைந்து ஒரு மைல் நீளத்துக்கும் மேற்பட்ட சுரங்கம் என்பது அவர் திட்டம். 1884இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அணை கட்டும் இடமோ திருவிதாங்கூர் அரசருடையது. 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. ஆண்டுக்கு 40,000 ரூபாய். 999 ஆண்டுக் குத்தகை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதராஸ் அரசு அந்த நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு ஓராண்டு குறையாக, யாரும் அசைக்க முடியாத உரிமையை ஓர் ஆவணத்தின் மூலம் பெற்றுக்கொண்டது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தக் குத்தகை உரிமைகள் தமிழ்நாட்டுக்குத் தொடர்வதை ஏற்றது.

முகாம் என்னும் குடியிருப்பு

1887 செப்டம்பரில் வேலை தொடங்கியது. லோயர் கேம்ப் என்ற ஊர்ப் பெயர் அந்த நாள்களின் மிச்சம். மலையடிவாரத்தில் அமைந்த கீழ் முகாமே பிறகு ஊர் ஆனது. அடிவாரத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல் கம்பிவடப் பாதையில் மலைக்கு மேலே ஏறியது. அங்கிருந்து தேக்கடி வழியே காட்டுக்குள் அணை நோக்கிச் சென்றது.

மதராஸ் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் படைப்பிரிவுகள் இங்கே வேலை செய்தன. கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். சமவெளி ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் வந்தார்கள். மதராஸ் சேப்பர், பயனியர் படைகளில் பறையர் சமூகத்து வீரர்கள் கணிசமாக இருந்தது படை வரலாற்றில் பதிவான செய்தி. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனைச் சீருடை போட்டு மலையைப் பிளக்க அனுப்பியது காலனி அரசு. அந்தச் சீருடை சிலருக்கு எழுத்தறிவையும் தன்மதிப்பையும் தந்தது என்பதும் உண்மை.

மலையில் வேலை எளிதாக இருக்கவில்லை. ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. கடும் மழைக் காலத்தில் வேலை நின்றது. மலேரியாவும் காலராவும் முகாம்களுக்குள் புகுந்தன. கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர்கள் அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டார்கள். பென்னிகுயிக் இந்த இழப்புகளுக்கு நடுவில் வேலையைக் கைவிடவில்லை. வெள்ளம் கொண்டுபோன தடுப்பை மறுபடி கட்டினார்; திட்டத்தை மாற்றினார்; அரசின் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார். இதற்கிடையில் மாகாணப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராகவும் அரசுச் செயலராகவும் உயர்ந்தார். 1895 அக்டோபரில் மதராஸ் ஆளுநர் வென்லாக் திட்டத்தைத் திறந்துவைத்தார். ஏறக்குறைய 1,200 அடி நீள அணை பெரியாற்றைத் தடுத்து நிறுத்தியது. நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகையை அடைந்தது.

முகாம் என்பது வேலை நடக்கும்வரை இருக்கும் குடியிருப்பு. வேலை முடிந்ததும் கூரை பிரிக்கப்படும், தங்கியவர் கலைந்துபோவார். அணைக்கு 999 ஆண்டு, அதைக் கட்டியவருக்கு எட்டு மழைக்காலம். நகரங்களில் மேம்பாலமும் மெட்ரோவும் கட்டும் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் தங்கவைக்கப்பட்டு, வேலை முடிந்த மறுநாள் வெளியேற்றப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் கீழ் முகாமே நினைவுக்கு வருகிறது.

அதே ஆண்டுகளில் இன்னொரு கோப்பு

பென்னிகுயிக் பெரியாற்றோடு போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மதராஸ் அரசில், இன்னொரு துறையில் இன்னொரு கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். அதில் முக்கியமான கண்டுபிடிப்பு குடியிருப்பைப் பற்றியது. சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதன்று. மிராசுதாரர்கள் அதைத் தமதென்று சொன்னார்கள். கூலி உயர்த்திக் கேட்டாலோ, வேறிடத்தில் வேலைக்குப் போனாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, குடிசையைக் காலி செய் என்ற ஒரு சொல் போதும். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பிறகும் அதை நடைமுறையில் காப்பாற்றியது குடியிருப்பு மனையின் மீதான உரிமைதான்.

ஒடுக்கப்பட்டோர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு நிலமும் கல்வியும் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசு ஆணை பிறந்தது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைப்பது, முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கே கைமாற்ற வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது இதைத்தான். மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

இரண்டு கோப்புகளும் ஒரே அரசின் கோப்புகள். ஆனால் அவை சந்திக்கவே இல்லை. நீர் பொதுப்பணித்துறையிடம் இருந்தது; நிலம் வருவாய்த்துறையிடம் இருந்தது. நீர் எங்கே பாயப் போகிறது என்று ஒரு துறைக்குத் தெரியும். யாருக்கு நிலம் இல்லை என்று இன்னொரு துறைக்குத் தெரியும். நீர் பாயப்போகும் பரப்பில் நிலமற்றோருக்கு முன்கூட்டியே நிலம் ஒதுக்கியிருந்தால் தென் மாவட்டங்களின் சாதி வரலாறே வேறு விதமாக இருந்திருக்கும். பென்னிகுயிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி, ஆற்றை எப்படித் திருப்புவது என்பது. அதற்கு அவர் சரியான விடை சொன்னார். நிலம் யாருக்கு என்ற கேள்வி அவர் மேசைக்கு வரவே இல்லை. வராதபடி பார்த்துக்கொள்ளும் நிர்வாக அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

நீர் வந்தது, விலை ஏறியது

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதற்குக் கீழே பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர் வரை பாய்கிறது. மானம் பார்த்த புஞ்சை நஞ்சையானது. நஞ்சையின் விலை புஞ்சையின் விலை அன்று. அந்த விலை உயர்வுக்கு நில உடைமையாளர் ஒரு கூடைக் கல்லையும் சுமக்கவில்லை. பொதுப்பணமும் கூலிகளின் உழைப்பும் அதை உருவாக்கின. அணை திறந்த நாளில் யார் பெயரில் பட்டா இருந்ததோ அவர் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. பட்டா இல்லாதவருக்குக் கிடைத்தது இரண்டாம் போகத்தின் கூலி.

அணை திறந்து 10 ஆண்டுகளில், 1905இல், மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. ஆவணமின்றி அரசு நிலத்தில் குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் உழைக்கும் மக்களின் பட்டா மனுக்கள் நீர்நிலைப் புறம்போக்கு என்ற காரணத்தால் தள்ளுபடியாகின்றன. அவர்களின் பாட்டன்மார் வெட்டிய வாய்க்கால் இன்று அவர்களை வெளியேற்றும் காரணமாகிறது. நீர்நிலையைக் காப்பது தேவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரையில் குடிசை போட்டவரை அகற்றும் அதே ஊரில், வயலை மனைப்பிரிவாக்கி வாய்க்காலையே மூடுபவரிடம் சட்டம் இவ்வளவு வேகம் காட்டுவதில்லை.

இன்னொரு வரலாற்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையம் வந்தது. அணையின் நீர் பாசனத்தோடு மின்சாரமும் தரத் தொடங்கியது. உடனே கேரள அரசு தன் நிலத்தின் பயன் கூடிவிட்டது என்று கணக்குக் கேட்டது. 1970இல் துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 30 ரூபாயாயிற்று. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் சேர்ந்தது. நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அதில் பங்கு கேட்கலாம் என்பதை இரண்டு மாநில அரசுகளும் ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது. அந்த மதிப்பைத் தம் உடலால் உருவாக்கியவர்களின் வாரிசுகளோடு மட்டும் இதுவரை யாரும் துணை ஒப்பந்தம் போடவில்லை.

இப்போது மதிப்பு உயர்வின் அடுத்த அலை வருகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்கு நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீர் கொண்டுசெல்ல, அம்ருத் திட்டத்தில் ஏறக்குறைய 1,295 கோடி ரூபாய் மதிப்பில் குழாய்வழித் திட்டம் வகுக்கப்பட்டது. குடிநீர் உறுதியான இடத்தில் மனை விலை ஏறும்; அடுக்குமாடி எழும். திண்டுக்கல்–குமுளி தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் வயல்கள் கல் ஊன்றிய மனைகளாகின்றன. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை ரயில் பாதை என்ற நெடுநாள் கோரிக்கை நிறைவேறினால் விலை இன்னும் ஏறும். ஆனால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் ஊர்களின் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவது மாறவில்லை. லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியில் மலைக்கே உரியவர்களான பளியர்கள் வாழ்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் குடியிருப்பு உரிமையை அறிவித்த பிறகும், தமிழகக் காடுகளில் அந்த உரிமை போராடிப் பெற வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது.

இறந்தவருக்குக் கிடைத்த வீடு

1896இல் பென்னிகுயிக் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக 1899 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆலோசனை சொல்ல அங்கேயும் சென்றுவந்தார். மனைவி கிரேசும் ஐந்து மகள்களும் ஒரு மகனும் கொண்ட குடும்பத்தோடு கேம்பர்லியில் வாழ்ந்து, 1911 மார்ச் 9 அன்று தம் வீட்டில் காலமானார். விற்றுவிட்டதாகக் கதை சொல்லும் மனிதர் ஓய்வுக் காலத்தைச் சொந்த வீட்டில் நிம்மதியாகக் கழித்தார். அதில் தவறொன்றும் இல்லை. உழைத்தவர் எல்லோருக்கும் அப்படி ஒரு முதுமை வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இறந்த பிறகும் அவருக்கு வீடு தேடினோம். 2021இல் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் கட்ட இடம் தேர்வானபோது, அங்கிருந்த பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அக்கட்டடம் 1913இல்தான் கட்டி முடிக்கப்பட்டது, அவரோ 1911இலேயே இறந்துவிட்டார் என்று மாவட்ட நிர்வாகம் ஆவணத்தைக் காட்டியது. லோயர் கேம்ப்பில் 2013 சனவரி 15 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை நிறுவியது. நினைவுக்கு இவ்வளவு இடம் கண்டுபிடிக்க முடிந்த அரசால், மூன்று சென்ட் மனைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

என்ன கேட்க வேண்டும்

வீட்டுவசதி என்றாலே அரசு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் முதலில் பட்டா வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவுக்கும் அப்படித்தான். மனை இருப்பவருக்கு வீடு. மனை இல்லாதவருக்கு மனு எண். சென்னையிலோ மனையில்லாதவரைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். நகரின் நடுவில் அவர்கள் விட்டுவந்த நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. அவர்களின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைந்தன. அதற்குப் பெயர் மறுவாழ்வு.

பென்னிகுயிக்கின் அணை நமக்குத் தரும் பாடங்கள் மூன்று.

முதலாவது, மதிப்பில் பங்கு. அரசின் திட்டத்தால் நில விலை உயர்ந்தால் அந்த உயர்வின் ஒரு பகுதியை அரசு திரும்பப் பெறலாம் என்பதை மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2017இல் கொள்கைச் சட்டகமாகவே வெளியிட்டது. ஆனால் அப்படிப் பெறும் பணம் அடுத்த மேம்பாலத்துக்குப் போகிறது. அதில் நிர்ணயித்த பங்கு, அதே பகுதியின் நிலமற்ற பட்டியலின, பழங்குடிக் குடும்பங்களுக்கு மனை வாங்கச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். 1978ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் போன்ற கருவிகள் நம்மிடம் உண்டு. அவற்றுக்குப் பணமும் கால வரையறையும் இல்லை.

இரண்டாவது, விற்க முடியாத உரிமை. தனிப் பட்டா கடன்காரனிடமும் தரகரிடமும் எளிதில் போய்விடுகிறது. பஞ்சமி நிலங்களே அதற்குச் சாட்சி. அவற்றை மீட்கக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிலம் ஒரு கூட்டு அமைப்பின் பெயரில் நிலையாக இருக்கட்டும்; வீடு குடும்பத்துக்கு, பெண்ணின் பெயரில், நீண்ட காலக் குத்தகையாக இருக்கட்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உரிமைப் போராளிகள் 1969இல் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் தொடங்கிய ‘நியூ கம்யூனிட்டிஸ்’ இவ்வழியின் முன்னோடி. அதற்கு ஊக்கம் தந்தவற்றில் நம் நாட்டின் கிராமதான இயக்கமும் ஒன்று. அரசுக் கடன் மறுப்பில் வெளிப்பட்ட இனப்பாகுபாட்டால் 1985இல் அந்த நிலம் பறிபோனது. கூட்டுரிமைக்கும் நிதிப் பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் எச்சரிக்கை. இங்கே கீழ்வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தஞ்சைச் சீமையில் தலித் பெண்களின் பெயரிலேயே ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பதிவு செய்ய வைத்தார். அரசு ஓர் அணைக்கு 999 ஆண்டுக் குத்தகை வாங்கலாம் என்றால், ஒரு சேரிக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுக்கவும் முடியும்.

மூன்றாவது, சேரி வேண்டாம். ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், சுடுகாட்டுப் பாதையில் காலனி அமைப்பது சாதியைக் காங்கிரீட்டில் வார்ப்பது. 1990களின் இறுதியில் தொடங்கிய சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. அக்கொள்கை புதிய மனைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் விரிய வேண்டும். வயலை மனையாக்க அனுமதி கேட்கும் எவரும், அந்த மனைப்பிரிவுக்குள்ளேயே ஒரு பங்கை நிலமற்றோருக்கு விட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாகட்டும். வாய்க்காலையும் வயலையும் காப்பதும் இதில் அடங்கும். நஞ்சையை மூடி எழும் நகரம் நீடிக்காது. முதலில் வெள்ளத்தில் மூழ்குவது தாழ்விடத்துக் குடியிருப்புதான்.

1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாடு தனிக் குடியிருப்புகளுக்கு அரசு நிலம் கேட்டது. 1947இல் அம்பேத்கர், நிலம் அரசின் உடைமையாகி சாதி வேறுபாடின்றிக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று அரசியல் சட்ட வரைவாகவே எழுதி வைத்தார். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சட்டம் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை வைக்கிறேன். அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால், அறிவிப்பு நாளன்று அந்தப் பகுதியில் யார் யார் பட்டா இல்லாமல் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிராமக் கணக்கையும் புல எண்களையும் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். விலை ஏறிய பிறகு கேட்டால் நில விலை அதிகம் என்று பதில் வரும். ஏறுவதற்கு முன் கேட்க வேண்டும்.

பென்னிகுயிக் 1887இல் அணைக்குக் கல் எடுக்கும் முன்பே, 1886இல், நிலத்துக்கான ஆவணம் கையெழுத்தாகியிருந்தது. லோயர் கேம்ப்பில் அடுத்த சனவரி 15 அன்று பொங்கல் பொங்கும்போது, கீழ் முகாமில் தங்கி உழைத்து மலையில் புதைந்த 483 பேருக்காகவும் ஒரு கோரிக்கை மனு ஆட்சியரின் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதில் சிலை கேட்க வேண்டாம். மனை கேட்போம்.